வந்தேறி என்னும் சொல்

பிறந்து வளர்ந்த ஊரிலேயே ஒருவரைப் பார்த்து, "நீங்கள் இங்கே எப்போது வந்தீர்கள்?" என்று கேட்டால் அவர் என்ன விடை கூறுவார்? தமிழ்ச் சமணருள் இவ்வினாவை வாழ்நாளில் ஒருமுறையேனும் எதிர்கொள்ளாதவர் அரியர். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போதும், சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போதும், வெளியூரில் வாடகைக்கு வீடு பார்க்கும்போதும் 'ஜெயின்' என்ற சொல் காதில் விழுந்தவுடன் எதிரில் இருப்பவர் முகத்தில் வியப்புத் தோன்றும். "தமிழ் நன்றாகப் பேசுகிறீர்களே!" என்பார். "எங்களுக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது" என்று நாமும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வருவோம்.

அண்மைக் காலமாக இவ்வினாவுடன் ஒரு சொல்லும் சேர்ந்து வருகிறது. அதுவே 'வந்தேறி' என்பது. மேடைப் பேச்சிலும் கைப்பேசியில் பரவும் செய்திகளிலும் அது தாராளமாகப் புழங்குகிறது. நம்மை நோக்கி அச்சொல் வீசப்படும்போது நாம் மனம் கொதித்து மறுக்கின்றோம். அதே நாளில் வேறொருவரைக் குறித்து நம் வீட்டுத் திண்ணையிலும் அதே சொல் ஒலிக்கின்றது. ஆகவே, மறுப்பதற்கு முன்னும் பயன்படுத்துவதற்கு முன்னும் அச்சொல்லைச் சற்று நிறுத்தி ஆராய்வது நலம் என எண்ணுகின்றோம்.

முதலில் இலக்கணம். பழகிய தொழிலை அவ்வளவு எளிதில் விட இயலவில்லை. வந்து, ஏறு, இ என்பன சேர்ந்து வந்தேறி ஆயிற்று. இறுதியில் நிற்கும் இகரம் வினைமுதலைக் குறிக்கும் விகுதி. விறகை வெட்டுபவன் விறகுவெட்டி. நாடுதோறும் ஓடித் திரிபவன் நாடோடி. இவை போன்றதே வந்தேறி. ஆனால் ஒரு வேறுபாடு காண்க. வெட்டும் தொழிலை விட்டவனை எவரும் விறகுவெட்டி என்பதில்லை. ஓரிடத்தில் நிலைத்துவிட்டவன் நாடோடி ஆகான். வந்தேறியோ, வந்து முடித்துப் பத்துத் தலைமுறை கடந்த பின்னும் வந்தேறியாகவே இருக்கின்றான். எங்கிருந்தும் வராத, இந்த ஊர் மருத்துவமனையிலேயே பிறந்த பேரனும் வந்தேறியே ஆகின்றான். செய்த செயலால் அமைந்த பெயர், செய்யாதவன்மேல் பரம்பரைச் சொத்தைப்போல இறங்குகிறது. தமிழில் இத்தகைய பெயர்கள் மிகுதியாக இல்லை.

பள்ளி வருகைப் பதிவேட்டை எண்ணிப் பாருங்கள். ஆண்டின் நடுவில் மாற்றுச் சான்றிதழுடன் வந்து சேரும் பிள்ளையின் பெயரைப் பட்டியலின் கடைசியில் எழுதுவது வழக்கம். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் மாணவியரிடம் நாம் அடிக்கடி சொல்லி வந்த செய்தி ஒன்று உண்டு. அப்பிள்ளையை ஒரு வாரத்துக்குமேல் 'புதுப் பையன்', 'புதுப் பெண்' என்று அழைக்காதீர்கள். பெயர் சொல்லி அழையுங்கள் என்பதே அது. அடுத்த ஜூன் மாதத்தில் புதிய பதிவேடு எழுதும்போது அந்தப் பெயர் தனக்குரிய இடத்துக்கு வந்துவிடும். புதியவர் என்ற சொல்லுக்கு ஒரு காலக்கெடு உண்டு. வந்தேறிக்குக் கெடு கிடையாது.

புதிதாக வருபவரைக் குறிக்கத் தமிழ் வேறு சொற்களையும் வைத்திருந்தது. விருந்து என்றால் புதுமை என்று பொருள். தொல்காப்பியம் புதுவதாக இயற்றப்படும் செய்யுள் வகைக்கும் விருந்து என்றே பெயர் தந்தது. புதிதாக வந்தவர் விருந்தானார். அவருக்கு இடும் உணவும் பின்னாளில் விருந்தாயிற்று. வம்பு என்ற சொல்லுக்கும் பழம்பொருள் புதுமையே. புதிதாய் வழிவந்தோரைச் சங்கப் பாடல்கள் வம்பலர் என்கின்றன. இன்று வம்பு என்றால் வீண் சண்டை. ஆக, வீட்டு வாயிலில் வந்து நிற்பவர் ஒருவரே. அவரை விருந்து என்று அழைக்கவும் வம்பு என்று அழைக்கவும் மொழி இடம் தருகிறது. எந்தச் சொல்லை எடுப்பது என்பது வந்தவரின் குணத்தைப் பொறுத்தது அன்று. திறப்பவரின் குணத்தைப் பொறுத்தது.

நம் சமயத்திலும் ஒரு சொல் உண்டு. இல்லறத்தார்க்குரிய பன்னிரண்டு விரதங்களில் இறுதியானது அதிதி சம்விபாகம். இன்ன திதியில் வருவேன் என்று குறிப்பிடாமல் வருபவர் அதிதி. அவருக்குப் பங்கிட்டுத் தந்த பிறகே உண்ண வேண்டும். முனிவர்க்கு உணவளித்தலே இவ்விரதத்தின் முதன்மைப் பொருள் என்பதை நாம் மறக்கவில்லை. ஆனால் அம்முனிவர் யார்? மழைக்காலம் நான்கு மாதம் தவிர வேறெப்போதும் ஓரூரில் நிலைத்துத் தங்காதவர். எந்த ஊருக்குச் சென்றாலும் அவர் அங்கே புதியவரே. நம் சமயத்தில் மிக உயர்ந்த நிலையில் வைத்து வணங்கப்படுபவர், எந்த ஊரையும் 'என் ஊர்' என்று சொல்லிக்கொள்ளாதவர் என்பதைச் சற்று நினைவில் கொள்வோம்.

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வந்தேறிகள். கவுந்தியடிகளும் வழிவந்தவரே. அடிகள் அவ்விருவரையும் மாதரி என்னும் ஆயர் மகளிடம் அடைக்கலமாக ஒப்படைக்கின்றார். மாதரி நம் சமயத்தவள் அல்லள். கண்ணனை வழிபடும் குடியினள். அவள் செய்ததைப் பாருங்கள். வந்தவன் சாவக நோன்பி, பகலிலேயே உண்ணும் வழக்கமுடையவன் என்று உணர்ந்து, சமைப்பதற்கு வேண்டிய நல்ல கலங்களைக் காலம் தாழ்த்தாமல் கொடுக்கும்படி கூறுகின்றாள். மாதரியின் மனையில் நடந்தது இது. கடைத்தெருவில் நடந்தது வேறு. அங்கே கோவலனை அறிந்தவர் எவரும் இல்லை. அவன் யாரென்று எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லாமையே பொற்கொல்லனுக்கு வாய்ப்பாயிற்று. அரசனும் விசாரிக்கவில்லை. மாணவியர்க்குப் பலமுறை நடத்திய காப்பியம்தான். ஆயினும் கலங்களைத் தரச் சொன்ன அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் மனம் சற்று நின்றுதான் செல்கிறது.

வந்தேறி என்ற சொல் எப்போதும் மனிதரை இழிக்கவே பயன்பட்டது என்றும் கொள்ள வேண்டா. வைணவ உரையாசிரியர்களின் மணிப்பிரவாள நடையில் அது தத்துவச் சொல்லாக நிற்கின்றது. உயிரின் இயல்பாக அமையாமல் இடையில் வந்து பற்றியதை அவர்கள் வந்தேறி என்றனர். அகங்காரம் வந்தேறி என்பது அவர்கள் கொள்கை. நமக்கும் இது அயலான கருத்து அன்று. உயிரின் இயல்பு அறிவும் காட்சியும் ஆகும். வினை அதன் இயல்பு அன்று. வினைத்துகள் வந்து சேர்வதை ஊற்று என்றும், பிணைந்து நிற்பதைக் கட்டு என்றும், வாராமல் தடுப்பதைச் செறிப்பு என்றும், நீங்குவதை உதிர்ப்பு என்றும் நம் முன்னோர் அழகிய தமிழில் பெயரிட்டனர். உயிருக்கும் வினைக்கும் உள்ள தொடர்புக்குத் தொடக்கம் இல்லை என்பது நம் கொள்கை. ஆதலால் தூயதாக இருந்த உயிரிடம் ஒருநாள் வினை வந்து ஏறியது என்று நாம் கூறுவதில்லை. ஆயினும் தனித்தனியே நோக்கினால் ஒவ்வொரு வினையும் வந்து சேர்ந்ததே, உதிர்ந்து போவதே.

இனி, எட்டு வினைகளுள் ஒன்று கோத்திர வினை. இன்ன குலத்தில் பிறத்தல் அதன் பயன். அப்படியானால் குலமும் ஊரும் உடம்பும் உயிருக்கு இயல்பானவை அல்ல; நான்கு கதிகளிலும் அலையும் உயிர் அவ்வப்போது ஏற்றுக்கொண்டவை. சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்ட சிராவகாசாரம் எட்டுவகைச் செருக்குகளைச் சொல்லும்போது குலச் செருக்கையும் சாதிச் செருக்கையும் சேர்த்தே சொல்கிறது. தத்துவார்த்த சூத்திரமோ இன்னும் ஒரு படி சென்று, பிறரைப் பழிப்பதும் தன்னைப் புகழ்வதும் தாழ்ந்த கோத்திரத்துக்கு ஊற்றாகும் என்கிறது. 'நாங்கள் முன்னே வந்தவர்கள்' என்னும் பெருமை குலச் செருக்கின் ஒரு கிளையே அன்றி வேறென்ன? முன்னே வந்தவர் நம் பாட்டனாரின் பாட்டனார். அவர் நடந்த நடைக்கு நாம் களைப்படையவில்லை.

இங்கே நம்மவர் ஒரு தடை எழுப்பலாம். "நாம் வந்தேறிகள் அல்லோம் என்பதற்குக் கல்வெட்டே சான்றாக இருக்கும்போது அதை எடுத்துக் காட்டுவது செருக்கா?" என்பர். நியாயமான கேள்விதான். மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் குன்றில் தமிழ்ப் பிராமி எழுத்தில், நெடுஞ்செழியன் பெயரோடு, நம் முனிவர்க்குப் பள்ளி அமைத்துத் தந்த செய்தி வெட்டப்பட்டுள்ளது. அதன் காலம் கி.மு. 2ஆம் நூற்றாண்டு என ஐராவதம் மகாதேவன் கணித்தார். இதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுச் சமணர் ஏறத்தாழ 89 ஆயிரம் பேர். அதில் தமிழ் பேசும் நாமும் வடக்கிலிருந்து வந்தோரும் சமயத்தால் ஒரே எண்ணாகவே எண்ணப்பட்டுள்ளோம். இந்நிலையில் வரலாற்றைச் சொல்லாமல் விட்டால் நாம் இருந்த சுவடே தெரியாமற் போகும். வரலாற்றைச் சொல்வது வேறு, அதை வேலியாக நடுவது வேறு.

ஏனெனில், நாம் சான்றாகக் காட்டும் கற்களே வேறொன்றையும் சொல்கின்றன. சித்தன்னவாசல் குன்றில் ஏழடிப்பட்டத்தில் உள்ள பழைய கல்வெட்டைப் படித்துப் பாருங்கள். எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுதி ஈதன் என்பவருக்கு இளையர் என்பார் அதிட்டானம் செய்து கொடுத்தனர் என்பது அதன் கருத்து. எருமிநாடு என்பது மைசூர்ப் பகுதி என்பர் அறிஞர். அதாவது, தமிழ் மண்ணில் நம் பழமைக்குச் சான்றாக நாம் பெருமையோடு சுட்டும் கல், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவருக்கு உள்ளூரார் இடம் தந்ததற்கான சான்று. கரூருக்கு அருகிலுள்ள புகளூரிலும் அப்படியே. யாற்றூரிலிருந்து வந்த செங்காயபன் என்னும் மூத்த துறவிக்குச் சேர இளவரசன் கல்லில் உறைவிடம் செய்து கொடுத்தான். பத்திரபாகு முனிவர் பஞ்ச காலத்தில் சங்கத்தோடு தெற்கே வந்தார், அவர் வழிவந்த விசாகாசாரியர் தமிழ்நாட்டுக்கு வந்தார் என்னும் நம் மரபுச் செய்தியும் வருகையின் கதையே. 'வந்தவர் முனிவர், ஏற்றுக்கொண்ட இல்லறத்தார் இம்மண்ணினரே' என்று ஒருவர் பிரித்துக் காட்டலாம். மிக நன்று. அப்படியாயின் வந்தவரை ஏற்றுக்கொண்டவர்களின் வழித்தோன்றல்கள் என்பதே நம் அடையாளம். அடையாளத்தைக் காட்டிவிட்டு அந்தச் செயலை மட்டும் மறுப்பது பொருந்துமா?

வெறும் சொல்தானே, இதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று கேட்பவருக்கு இலங்கை மலையகத் தமிழரின் வரலாற்றைச் சுட்டுவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகச் சிற்றூர்களிலிருந்து மக்களை அழைத்துச் சென்றனர். அம்மக்கள் அங்கேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். 1948இல் நாடு விடுதலை பெற்றது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. அங்கே பிறந்தவர், அங்கே கொழுந்து பறித்தவர், அங்கேயே மண்ணானவர்தம் பிள்ளைகள், பின்னால் வந்தவர்கள் என்ற ஒரே காரணத்தால் எந்த நாட்டினரும் அல்லர் என்றாயினர். 'கள்ளத்தோணி' என்ற பழிச்சொல் அவர்கள்மீது ஒட்டியது. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என இரு அரசுகளும் முடிவு செய்தன. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. ஊர்ச் சந்தையில் கூறு கட்டுவது போன்ற கணக்கு அது!

அவ்வாறு அனுப்பப்பட்டோர் தங்கள் பாட்டனார் புறப்பட்ட இந்தத் தமிழ்நாட்டுக்கே வந்தனர். பலர் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். இங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் 'சிலோன்காரர்'. அங்கே இந்தியாக்காரர், இங்கே சிலோன்காரர். இரண்டு கரைகளிலும் அவர்கள் வந்தேறியாகவே இருந்தனர். இங்கே அவர்களை அப்படி அழைத்தவர் வேற்று மொழியினர் அல்லர், நம் தமிழரே என்பது நினைக்கத் தக்கது. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஒரு சொல் சட்டமாகிப் பின் கழிவதற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன.

இன்னொரு தடையும் எழக்கூடும். "வந்தவரை வந்தவர் என்கிறோம். உண்மையைச் சொல்வது சத்திய விரதத்துக்கு மாறாகுமா?" இது கடினமான வினா, சொற்சாலமாக ஒதுக்கத் தக்கதன்று. நம் நூல்கள் இதற்கு விடை வைத்துள்ளன. இல்லறத்தாரின் சத்திய அணுவிரதத்தை விளக்கும் சமந்தபத்திரர், பொய் கூறாமையோடு, பிறர்க்குக் கேடு தரும் மெய்யையும் கூறாமையைச் சேர்க்கின்றார். திருக்குறளும் வாய்மைக்கு இலக்கணம் கூறத் தொடங்கும்போது, நடந்ததை நடந்தவாறு சொல்வது என்று கூறாமல், தீமை பயவாமையையே அளவாக வைத்தது. இதைவிட நுட்பமான ஒன்றும் உண்டு. வந்தேறி என்பது முழு உண்மையும் அன்று. அநேகாந்தம் கற்ற நாம் இதை எளிதில் அறியலாம். ஒரு நோக்கில் அவர் வந்தவர். மற்றொரு நோக்கில் வரி கொடுப்பவர், அண்டை வீட்டார், பள்ளியில் நம் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் தந்தை. பல நோக்குகளுள் ஒன்றை மட்டும் எடுத்து, ஏனையவற்றை மூடிவிட்டு, அதையே முழுப்பெயராக வைப்பதை நம் தருக்க நூல்கள் ஏகாந்தம் என்று கண்டிக்கின்றன.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். இதைக் கூறுவதால் சிலர்க்கு வருத்தம் ஏற்படலாம். பொறுத்தருள்க.

நம் ஊர்களில் வடநாட்டுச் சமணர் கடை வைத்து வாழ்கின்றனர். சிலர் குடும்பங்கள் மூன்று நான்கு தலைமுறை கண்டவை. நம் சிற்றூர்களின் பழைய ஜினாலயங்கள் சில அவர்கள் பொருளுதவியால் பழுது நீங்கி நிற்கின்றன. திருப்பணிக்கு நன்கொடை கேட்கும்போது அவர்கள் 'நம் சமயத்தார்'. நிர்வாகக் குழுவைப் பற்றிப் பேசும்போது 'வந்தேறிகளுக்கு இங்கே என்ன வேலை' என்கிறோம். இரண்டு நாக்கு இருப்பது நாகத்துக்கு இயல்பு. அதைப் பார்சுவநாதரின் தலைக்குமேல் குடையாகப் பார்த்தால் போதும்.

ஆனால் எதிர்ப்பக்கத்துக்கும் நியாயம் உண்டு என்பதை மறைக்கலாகாது. தமிழில் ஓதப்பட்டு வந்த தோத்திரங்கள் இருக்க, புரியாத மொழியில் பாடல்கள் ஒலிபெருக்கியில் ஒலிக்கும்போது முதியவர்கள் மனம் நோகின்றனர். தலைமுறைகளாக நடந்துவந்த பூசை முறையைப் பணம் கொடுத்தவர் விருப்பத்துக்காக மாற்றுவது தவறே. அதை எதிர்த்துப் பேசத்தான் வேண்டும், நாமும் பேசியிருக்கின்றோம். பேசும்போது, "இந்தப் பாடலை நீக்காதீர்கள், இந்த முறையை மாற்றாதீர்கள்" என்று செயலைச் சுட்டிப் பேசினால் அவர்கள் விடை கூற முடியும், திருத்திக்கொள்ளவும் முடியும். "நீங்கள் வந்தேறிகள்" என்றால் அவர்கள் எதைத் திருத்துவர்? வந்ததை வராமல் ஆக்க எவராலும் இயலாது. திருத்த முடியாத ஒன்றைக் குற்றமாகச் சொல்வது வாதம் ஆகாது. நிர்வாகத்தில் இடம்பெற இத்தனை ஆண்டு ஊரில் வாழ்ந்து, இத்தனை ஆண்டு கோயில் பணியில் பங்கேற்றிருக்க வேண்டும் என்று விதி வகுப்பதிலும் தவறில்லை. ஆண்டுக் கணக்கு என்றால் ஒருநாள் நிறைவேறும். பிறப்புக் கணக்கு என்றைக்கும் நிறைவேறாது.

பொருள் உடையவரைப் பற்றியாவது அவர்கள் முகத்துக்கு எதிரே சொல்லத் தயங்குகிறோம். பொருள் இல்லாதவரிடம் அத்தயக்கமும் இல்லை. அரிசி ஆலையில் மூட்டை தூக்கவும், உணவகத்தில் இலை எடுக்கவும், நாற்று நடவும் இன்று வடமாநிலத்து இளைஞர் வருகின்றனர். 2023 மார்ச் மாதத்தில், தமிழ்நாட்டில் அவர்கள் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவி, அஞ்சிய பலர் ஊருக்குப் புறப்பட்டதை நாம் அறிவோம். செய்தி பொய்யானது. ஆயினும் அதை அவர்கள் நம்பிவிட்டனர். கடைத்தெருவில் தங்களை எப்படி அழைக்கிறார்கள் என்பது அவர்கள் காதில் நாள்தோறும் விழுந்துகொண்டிருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்றே நமக்குத் தோன்றுகிறது. கதவில் எறும்பு நசுங்காமல் பார்த்துச் சாத்தும் வீட்டில், நெல் நட வந்தவனை ஊர்ப் பெயரால் ஏளனமாகக் கூப்பிடும் குரல் கேட்கலாமா? பிள்ளைகள் இரண்டையும் பார்த்தே வளர்கின்றனர்.

உடனே செய்யக்கூடிய சிறிய வேலை ஒன்று உண்டு. நம் ஜினாலய விழா அழைப்பிதழ்களை எடுத்துப் பாருங்கள். உபயதாரர் பட்டியலில் நம்மவர் பெயர்கள் பட்டப்பெயரோடும் தந்தையார் பெயரோடும் முறையாக அச்சாகியிருக்கும். இடையே 'கடைத்தெரு சேட்டு வீட்டார்' என்று ஒரு வரி இருக்கும். நாற்பது ஆண்டுகள் நம் ஊரில் வாழ்ந்தவர்க்கு அழைப்பிதழில் பெயர் இல்லை. சித்தன்னவாசலில் கல் வெட்டியவர்கள் வந்தவரிடம் பெயரைக் கேட்டார்கள், பிறந்த ஊரையும் நாட்டையும் கேட்டார்கள், பாறையில் வெட்டினார்கள். அடுத்த விழாவுக்கு அழைப்பிதழ் அச்சகத்துக்குச் செல்லும் முன், குழுவில் ஒருவர் அந்தக் கடைக்குச் சென்று பெயரைக் கேட்டு எழுதி வர வேண்டும். எழுத்துக்கூட்டலையும் சரிபார்த்துக்கொள்வது நன்று. வடமொழிப் பெயர்களை நம் அச்சகத்தார் தவறாமல் பிழையாகவே அடிக்கின்றனர்.